பவுனம்மாள் நீட்டிய ஸ்பூன்

மலேசியாவில் சுங்கை வே என்ற ஊரில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்த பிறகு, பிள்ளை பார்ப்பதும் ஒரு தொழிலாகிவிட்டது. பெண்கள் காலை ஆறரை மணி ஃபேக்டரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கைப்பிள்ளையை எங்கே விடுவது? பவுனம்மாள் வீட்டில்தான். லோரி ஓட்டும் வேலாயுதத்தின் மனைவி, நான்கு பெற்றவள், வாய் கொஞ்சம் நீளம். அவளிடம் ஒரே சட்டம்தான்: நோயில்லாத பிள்ளைக்கு மருந்து கிடையாது.

அந்த வரிசை வீடுகளில் பிள்ளை பார்த்த மற்றவர்கள் அப்படியில்லை. பதினோரு மணிக்கே ஆளுக்கு ஒரு ஸ்பூன் தூக்கம் வரவைக்கும் சளி மருந்தை ஊற்றிப் பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் வரும் தாய்மார்களுக்கும் அது பிடித்திருந்தது. மருந்துக்குப் பஞ்சமா என்ன? ஃபேக்டரி கார்டைக் காட்டினால் கிளினிக்கில் காசு கேட்க மாட்டார்கள். ஒரு தும்மலுக்கு மூன்று பாட்டில். மிஞ்சியதைப் பத்திரப்படுத்தி, அக்காளுக்குக் கொடுத்ததைத் தம்பிக்கும் ஊற்றுவார்கள். பவுனம்மாள் வீடு மட்டும் சந்தைக்கடையாக இரையும். பக்கத்து வீட்டுக்காரி முறைத்தால், "அழுவுற பிள்ளைதான் பால் குடிக்கும், போடி" என்பாள்.

1984இல் சந்திரகலா தன் ஒன்பது மாத மகன் விஜயனைக் கொண்டுவந்து விட்டாள். அந்தப் பயல் தாயின் சட்டையைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். அவன் கையைப் பிரித்தெடுப்பதற்குள் இரண்டு தடவை பஸ் போய்விட்டது. மூன்றாவது தடவை போனால் வேலையும் போய்விடும் என்று சொல்லிவிட்டான் சூப்பர்வைசர்.

"காலையில ஒரு ஸ்பூன் சளி மருந்து குடுத்துக் கொண்டாறேன்க்கா. தூங்கிட்டான்னா நான் போயிடலாம்லா."

"குடுத்துப் பாரு. வாசக் கேட்டைத் தொறக்க மாட்டேன்."

சந்திரகலா அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த வாரம் ஒருநாள் பையன் தோளில் துவண்டு கிடந்தபடி வந்தான். "ராத்திரி பூரா முழிச்சிருந்தான்க்கா" என்று சொல்லி, பால் பாட்டிலைக் கையில் திணித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். பவுனம்மாள் நம்பினாள். எட்டு மணிக்கு அரைத்தூக்கத்தில் இருந்தவன் வாயில் பாட்டிலை வைத்தாள். முழுவதும் குடித்தான்.

பத்து மணிக்கு எழுப்பினால் எழவில்லை. கையைத் தூக்கினால் தொப்பென்று விழுந்தது. உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தாள், முகம்கூடச் சுளிக்கவில்லை. மூச்சு மட்டும் மெதுவாக இருந்தது. மற்ற மூன்று பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் தள்ளிவிட்டு, கட்டிய கைலியோடு டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

யாழ்ப்பாணத்து டாக்டர் சிவசம்பு பையனின் கண்ணிமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"தூங்குறதுக்கு எவ்வளவு குடுத்தனீங்க?"

"நானா? ஒரு சொட்டு குடுக்கல டாக்டர்."

"பிள்ளை பார்க்கிற ஆக்கள் எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்லுறது."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளை கண் திறக்காவிட்டால் கொலைகாரி என்ற பெயர் அவளுக்குத்தான். ஆனாலும் இடத்தைவிட்டு நகரவில்லை. "முதல்ல பிள்ளையப் பாருங்க. என்னை அப்புறம் திட்டலாம்" என்றாள்.

தகவல் தெரிந்து சந்திரகலா ஃபேக்டரி சட்டையோடு வந்தாள், புருஷன் பாலன் மருந்து பாட்டிலோடு வந்தான். விடியற்காலையில் பையன் இருமினானாம், ஐந்து வயது மூத்தவளின் மருந்தில் பாலன் ஒரு ஸ்பூன் கொடுத்தானாம். சந்திரகலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, நானும் அதைத்தானே பால்ல கலந்தேன்!"

அந்தப் பாலை ஊட்டியது யார்? பவுனம்மாள் தன் கையைப் பார்த்தாள். "வேணாம் வேணாம்னு சொன்ன என் கையாலயே ஊட்ட வச்சிட்டியேடி, பாவி" என்றாள்.

நான்கு மணிக்கு விஜயன் வீறிட்டு அழுதான். அறையே மூச்சு விட்டது. தெம்பு வந்ததும் சந்திரகலாவுக்கு வாயும் வந்துவிட்டது.

"கிளினிக்ல குடுத்த மருந்துதானேக்கா. விஷமா குடுத்தேன்?"

பவுனம்மாள் மேசையில் இருந்த பாட்டிலைத் திறந்து, ஒரு ஸ்பூன் ஊற்றி நீட்டினாள்.

"விஷம் இல்லல்ல? நாளைக்குக் காலையில இதைக் குடிச்சிட்டு பஸ் ஏறு."

"எப்படிக்கா? மைக்ராஸ்கோப்ல பாத்து முடி மாதிரி கம்பி ஒட்டற வேலை. கண்ணு சொருகினா வேலை போயிடும்."

"அம்பது கிலோ இருக்கிற உனக்கே ஆகாது. எட்டு கிலோ பிள்ளைக்கு ஆகுமா?"

சந்திரகலா தலை குனிந்தாள். வாசலில் வந்து நின்ற டாக்டரையும் பவுனம்மாள் விடவில்லை.

"நீங்களும் கேட்டுக்குங்க. இந்த பாட்டில்ல என்னா மருந்து, எந்தப் பிள்ளைக்கு, ஒண்ணும் எழுதல. மூணு வேளை ஒரு ஸ்பூன்னு மட்டும் போட்டிருக்கு. கடைசியில பழி மட்டும் எங்களுக்கா?"

சிவசம்பு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிள்ளை வீடு திரும்பியதிலிருந்து பவுனம்மாள் பஸ் நிற்கும் இடத்துக்கே போய், கதறுகிற விஜயனைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் சட்டையை விடாத நாட்களில் பஸ் கிளம்பிவிடாதபடி அதன் முன்னால் நின்றுகொள்வாள். டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்து அலுத்துப்போனான். ஸ்பூன் நீட்டிய கதை பரவியதும் இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளை வேறு வீட்டுக்கு மாற்றினார்கள். "தாராளமா போங்க" என்றாள்.

தொழிலை விடும்வரை, பதின்மூன்று வருஷம், தூங்க வைக்க மருந்து கொண்டுவந்த ஒவ்வொரு தாய்க்கும் முதல் ஸ்பூனை நீட்டினாள். அதை வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போனவள் ஒருத்தியும் இல்லை.