கப்பல் கொண்டென்சரும் மேனுகாவும்

ஆரையம்பதியில் எங்கள் மீனவர் சங்கத்தின் ஐஸ் ஆலைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது வலப்பக்கச் சுவரோரம் கிடக்கும் பெரிய இரும்பு உருளைதான். பழைய கப்பலொன்றிலிருந்து கழற்றிய கொண்டென்சர் அது. மூன்று கால்களிலும் ஒரு சீமெந்துக் கல்லிலும் நிற்கிறது. வயிற்றில் சிவப்பு எனாமலால் ஒரு கணக்கு எழுதியிருக்கிறது. அதன் கீழே இரண்டு சொற்கள்: "பெருக்கு. வகுக்காதே."

புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். எழுதவைத்தவள் மேனுகா. போன மாரிக்காலத்தில் அவள் இறந்துபோனாள். அவளைப் பற்றி எழுதலாம் என்று உட்காரும்போதெல்லாம் மனம் அந்த உருளைக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கிறது.

தொழில்நுட்பக் கல்லூரியில் இருவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தோம். பிறகு நான் சங்கத்தில் எழுதுவினைஞரானேன். அவள் கொழும்பில் பெரிய கட்டடங்களுக்கு ஏசி பூட்டும் நிறுவனமொன்றில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு, எங்கள் ஆலைக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வந்து சேர்ந்தாள். "ஏசியில என்ன இரிக்கி? காத்து. ஐஸ் எண்டாக் கையில பிடிச்சுப் பாக்கலாம்" என்பாள். ஆனால் ஐஸ் தண்ணீர் ஒரு மிடறு குடித்தால் அவளுக்குப் பல் கூசும். வெயில் கொளுத்தும் நாளிலும் வெதுவெதுப்பான தேத்தண்ணிதான். ஆலை இயக்குநர் அழகரத்தினம் அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லியே அவளைப் பகிடி பண்ணுவார்.

ஒரு வருடம் சித்திரை முடிவில் ஆலையின் பழைய கொண்டென்சர் பழுதாய்ப் போய்விட்டது. உப்பேறிய கிணற்றுத் தண்ணீர் குழாய்களை அரித்துத் தின்றிருந்தது. ஐஸ் ஆலையில் கொண்டென்சர் செய்வது ஒரேயொரு வேலை. ஐஸ் பெட்டியிலிருந்து உறிஞ்சிய சூட்டை வாயு சுமந்துகொண்டு வரும். அந்தச் சூட்டைக் குழாய்ச் சுவர் வழியாகத் தண்ணீருக்குக் கடத்திவிட வேண்டும். சூடு வெளியே போகாவிட்டால் ஐஸ் இல்லை.

நல்லவேளையாக அது சடங்குக் காலம். கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தால், கடைசி நாள் நடக்கும் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை ஊரில் மீன் சமைப்பதில்லை, தோணிகளும் கரையேறிவிடும். குளிர்த்தி முடிந்த மறுநாள் எல்லாத் தோணிகளும் ஒன்றாக இறங்கும். அன்றைக்கு ஐஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆலையை மூடிக் கட்டடத்தைக் களஞ்சியமாக வாடகைக்கு விடுவது என்று நிருவாக சபையில் பாதிப்பேர் ஏற்கெனவே பேசிக்கொண்டார்கள். பிறகு ஐஸுக்கு வாழைச்சேனை லொறியைத்தான் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அது வந்து சேரும்போது ஐஸில் பாதி வழியிலேயே ஒழுகியிருக்கும்.

புதுக் கொண்டென்சர் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும். காத்தான்குடியில் பழைய இரும்பு வாங்கி விற்கும், அண்ணன் முறையில் எல்லாரும் காக்கா என்றழைக்கும் பாறூக் காக்காவிடம் கப்பல் சாமான் ஒன்று கிடப்பதாக அழகரத்தினம் அண்ணன் கேள்விப்பட்டு வந்தார். மேனுகா ஸ்கூட்டரில் பறந்தாள், பின்னால் நான். கடல் தண்ணீருக்கென்றே செய்த குழாய்கள், துருவே இல்லை. அளவும் எங்களுக்குப் போதும். தகட்டைச் சுரண்டித் துடைத்தபோது வெப்பம் கடத்தும் குணகம் தெரிந்தது: 150. ஆனால் அது பழைய பிரித்தானிய அலகில் இருந்தது. ஒரு சதுர அடி வழியாக, ஒரு பரனைட் பாகை வித்தியாசத்துக்கு, ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பிரித்தானிய வெப்ப அலகு என்று. எங்கள் இயந்திரத்தின் புத்தகமோ சதுர மீற்றருக்கு, செல்சியஸ் பாகைக்கு, குறைந்தது 800 வாற்று கேட்டது.

அவள் அந்த இடத்திலேயே தொலைபேசியில் தட்டிப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"இருநூத்தி அறுபத்திமூணு. சரிவராது காக்கா."

"சரிவராட்டிப் போகட்டும் புள்ள. நாளைக்கு வெட்டிருவன். குழாய்க்கு ஆள் இரிக்கி" என்றார் பாறூக் காக்கா.

மறுநாள் சபை கூடியது. சங்கத் தலைவி சீதேவிப்பிள்ளை அக்கா மீன் ஏலத்தில் குரல் கொடுத்தால் கடல் வரைக்கும் கேட்கும். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தனக்கு விளங்காத எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். ஆமென்றாலும் இல்லையென்றாலும் காரணத்தை ஊர்ப்பேச்சில் சொல்ல வேண்டும். இதனால் கூட்டங்கள் இழுபடும் என்று நானே பலமுறை சலித்திருக்கிறேன்.

"அப்ப அந்தக் கப்பல் சாமான் கூடாது எண்டு எழுதுறதா?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. எண்ணூறு வேணும். அது இருநூத்தி அறுபத்திமூணு."

"எண்ணூறு என்னகா? மாங்காயா?"

எல்லாரும் சிரித்தார்கள். மேனுகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரு சதுர மீற்றருக்கு, ஒரு பாகைக்கு…" என்று தொடங்கினாள்.

"நிப்பாட்டு. ஆறு, தோணி எண்டு ஏதும் தெரிஞ்சதால சொல்லு."

மேனுகா கொஞ்சம் யோசித்தாள். "சரி. மாரியில ஆத்துவாய் மணல்மேட்ட வெட்டிக் கடலுக்கு விட்டதப் பாத்திருக்கீங்கதானே? ஆத்துத் தண்ணி கடலவிட எவ்வளவு உசரத்தில நிக்கிதோ, அவ்வளவுக்கு வெட்டுக்குள்ளால பாயும். சூடும் அப்பிடித்தான். இந்தப் பக்கம் சுடுவாயு, அந்தப் பக்கம் தண்ணி. ரெண்டுக்கும் நடுவில உள்ள வித்தியாசம்தான் சூட்டத் தள்ளுறது."

"இது விளங்குது."

"அந்தச் சாமான்ர தகட்டில போட்டிரிக்கிறது பரனைட் பாகைக்கு. அது சின்னப் பாகை. சாண் எண்டு வைங்க. எங்களுக்கு வேண்டியது செல்சியஸ் பாகைக்கு. அது பெரிசு. கிட்டத்தட்ட முழம்."

"ம்."

"ஆறு ஒரு சாண் உசந்து நிண்டா இவ்வளவு தண்ணி பாயும் எண்டு தகடு சொல்லுது. அப்ப ஒரு முழம் உசந்து நிண்டா…"

"கூடப் பாயும்" என்றார் சீதேவிப்பிள்ளை அக்கா. "இதுக்கு ஒரு படிப்பா?"

மேனுகா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"என்ன புள்ள, பல்லுக் கூசுதா?" என்றார் அழகரத்தினம் அண்ணன்.

"கூடத்தான் பாயும்" என்றாள் அவள், தனக்குள் பேசுகிறவள்போல. பிறகு கத்தினாள். "கூடத்தான் பாயும்! நான் குறைச்சுப் போட்டன்!"

வெப்ப அலகை வாற்றுக்கும், சதுர அடியைச் சதுர மீற்றருக்கும் அவள் சரியாகத்தான் மாற்றியிருந்தாள். அதுவரை கணக்கு 473. கடைசிப் படியில்தான் சறுக்கல். ஒரு செல்சியஸ் பாகை 1.8 பரனைட் பாகைக்குச் சமம். பரனைட் பாகை சிறியது என்ற எண்ணத்தில் 1.8ஆல் வகுத்துவிட்டாள். சிறிய பாகை ஒன்றுக்கே அவ்வளவு சூடு கடக்கிறதென்றால் பெரிய பாகைக்கு அதைவிடக் கூடத்தானே கடக்கும்? பெருக்கியிருக்க வேண்டும். பெருக்கினால் 852. கேட்ட எண்ணூறுக்கு மேலே!

பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். "நேத்துக் கூடாது, இண்டைக்கிக் கூடும். நாளைக்கி என்ன சொல்லுவாவோ?"

சீதேவிப்பிள்ளை அக்கா திரும்பியும் பார்க்கவில்லை. "நேத்துச் சொன்னது எனக்கு விளங்கல்ல. இப்பச் சொன்னது விளங்கிச்சு. கடுதாசியக் கொண்டா."

கையெழுத்து விழும்போதே மேனுகா தொலைபேசியைக் காதில் வைத்திருந்தாள். பாறூக் காக்கா எடுக்கவில்லை. இரும்பு வெட்டும் இடத்தில் தொலைபேசி எங்கே கேட்கும்? ஸ்கூட்டரை முறுக்கினாள். நான் பின்னால் தொங்கிக்கொண்டு போனேன். காத்தான்குடி வளைவுகளை அவள் எடுத்த வேகத்தில் நான் கும்பிடாத தெய்வமில்லை.

முற்றத்தில் நீலத் தீ எரிந்துகொண்டிருந்தது. உருளையின் ஒரு கால் வெட்டுப்பட்டு நிலத்தில் கிடந்தது. தீ அடுத்து வயிற்றுக்குத்தான் போகவிருந்தது.

"காக்கா! வெட்டாதீங்க!"

பாறூக் காக்கா முகமூடியைத் தூக்கினார். "என்ன புள்ள, நேத்து இது இரும்பு எண்டாய். ஒரு ராவில மெஷினாப் போச்சா?"

"இது எப்பவும் மெஷின்தான் காக்கா. நான்தான் பிழையாப் பாத்தன்."

அவர் தீயை அணைத்தார். வெட்டிய காலையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "அப்ப நொண்டி மெஷின். கொண்டுபோ. ஆனா ஓடாட்டித் திருப்பிக் கொண்டாராத, வெட்டின கையால நான் ஒட்டமாட்டன்."

பிறகு அவரே ஆட்களோடு வந்து அதை இறக்கித் தந்தார். வெட்டிய காலுக்குப் பதிலாகச் சீமெந்துக் கல் வைத்ததும் அவர்தான்.

குழாய்களைக் கழுவி, அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்து, பூட்டி முடிக்கையில் கோயிலில் குளிர்த்திக்கான ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. மேனுகா சுவிட்சைப் போட்டாள். தகட்டில் எழுதியிருப்பது ஒன்று, நடப்பது இன்னொன்று. அது அவளுக்குத் தெரியும். தண்ணீர் உள்ளே போகும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும் வெப்பமானியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். வெளியே வந்த தண்ணீர் சூடாக வந்தது. அழுத்தமானியின் முள் ஏறி, பச்சைக் கோட்டுக்குள் வந்து நின்றது. சிவப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நிக்கிது புள்ள" என்றார் அழகரத்தினம் அண்ணன்.

"நிக்காம? எண்ணூத்தி அம்பத்திரெண்டு அண்ணன்!"

குளிர்த்தி முடிந்த மறுநாள் விடியற்காலை ஆலை வாசலில் ஊரே நின்றது. அழகரத்தினம் அண்ணன் அச்சுகளைத் தூக்கி வெந்நீரில் அமிழ்த்திக் கவிழ்த்தார். முதல் பாளம் சறுக்குப் பலகையில் சர்ரென்று இறங்கி வந்து வாசற்படியில் மோதி நின்றது. நடுவில் மட்டும் ஒரு வெண்கோடு, மற்றப்படி கண்ணாடி. அடுத்தது. அதற்கடுத்தது. ஆட்கள் பாளங்களைத் தோளிலேற்றிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். வாழைச்சேனை லொறியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முணுமுணுத்த அந்தப் பின்வரிசைக்காரர் இரண்டு பாளங்களைச் சுமந்துகொண்டு எல்லாரையும் விலகச் சொல்லிக் கத்தினார்.

சீதேவிப்பிள்ளை அக்கா ஒரு பாளத்தை உடைத்து, துண்டொன்றைப் பாறூக் காக்காவின் கையில் வைத்தார். "பாருங்க, உங்கட பழைய இரும்பு போட்ட முட்ட."

இன்னொரு துண்டை மேனுகாவிடம் நீட்டினார். எல்லாரும் அவளுடைய பல்லைப் பற்றி அறிந்தவர்கள். அவள் வாங்கினாள். நறுக்கென்று கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு துள்ளினாள். ஆனாலும் துப்பாமல் கடைசித் துணுக்குவரை சிரித்துக்கொண்டே மென்றாள்.

அன்றைக்குத்தான் அழகரத்தினம் அண்ணனிடம் தூரிகையைக் கொடுத்து உருளையில் எழுதச் சொன்னாள். "சரியான கணக்கு மட்டும் போதாதா புள்ள? உன்ர பிழையும் ஏன் ஊருக்கு?" என்று அவர் கேட்டார்.

"எனக்குப் பிறகு வாறவரும் வகுப்பார் அண்ணன். எழுதுங்க."

எழுத்து கொஞ்சம் கோணல். உருளையின் சூட்டில் எனாமல் அங்கங்கே வெடித்திருக்கிறது. இன்று காலையும் கையை வைத்துப் பார்த்தேன், நல்ல சூடு. வாசலில் ஐஸ் பாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கி வந்துகொண்டிருந்தன. கரையில் தோணிகள் காத்து நின்றன.