பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

யாரையும் சட்டென்று நம்பாத சுபாவம் எனக்கு. ஊத்துக்குளி நெய் என்று சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். திருப்பூரில் பெட் ஸ்கேன் எடுக்கும் வேலை கிடைத்தபோது, இந்தக் குணத்துக்கு இதுதான் பொருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட் ஸ்கேனுக்கு முன் நோயாளிக்குக் கொஞ்சம் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றுவோம். புற்றுநோய்க் கட்டி அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும். எவ்வளவு இழுத்தது என்று மெஷின் ஓர் எண் சொல்லும். அந்த எண்ணை நம்பலாமா என்று பார்க்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெஷினுக்கே பரீட்சை வைப்போம். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதே மருந்தைக் கலந்து ஸ்கேன் எடுத்தால், எந்த இடத்திலும் ஒன்று என்று காட்ட வேண்டும்.

போன ஐப்பசியில் 0.94 காட்டியது. மறுநாளும் அதேதான்.

இரண்டு வாரம் முன்புதான் அருள்புரத்திலிருந்து பனியன் கம்பெனியில் துணி வெட்டும் ஒரு கட்டிங் மாஸ்டர் வந்து போயிருந்தார். கோடையில் எடுத்த ஸ்கேனைவிடக் கட்டியின் எண் குறைந்திருந்தது. அவருக்குக் கொடுக்கும் புற்றுநோய் மருந்து வேலை செய்கிறது என்று டாக்டர்கள் வைத்திருக்கும் எல்லையை மயிரிழையில் தாண்டியிருந்தது. அதை நம்பித்தான் அதே மருந்தைத் தொடர்ந்தார்கள். மெஷின் குறைத்துச் சொல்கிறது என்றால்?

தண்ணீரின் அளவைச் சந்தேகப்பட்டேன். மருந்தை அளக்கும் மீட்டரைச் சந்தேகப்பட்டேன். சர்வீஸுக்கு வந்துபோன இன்ஜினியரை மனதுக்குள் திட்டினேன். எல்லாம் சரியாகவே இருந்தன. மிச்சம் இருந்தது நர்ஸ். நோயாளிகளுக்கு ஊசி போடுவதும் டிரம்முக்கு மருந்து அளந்து தருவதும் அவள்தான். சிரிஞ்சில் மிச்சம் வைத்துவிட்டு முழுதும் போட்டதாக எழுதுகிறாளோ? கேட்டே விட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்க்கா, எம்மேல சந்தேகமா? மீதி இருந்தா அதையும் அளந்து எழுதிப்போட்டுத்தானுங்க வெளிய வாரேன். மணியும் அந்தக் கெடியாரத்தப் பாத்து அப்பப்பவே எழுதீர்றன். வேணும்னா நீங்களே பாருங்க."

பார்த்தேன். சுவரில் பத்தரை. ஸ்கேனர் கம்ப்யூட்டரில் பத்து இருபது.

நேரம் ஆக ஆக மருந்தின் வீரியம் தேய்ந்துகொண்டே போகும். டிரம்முக்கோ ஆளுக்கோ மருந்து ஏற்றியதாக எழுதிய நேரத்தைப் பார்த்துத்தான் மெஷின் தேய்மானத்தைக் கணக்கிடும். பத்து நிமிடம் தள்ளி எழுதினால், மருந்து இன்னும் புதிதாக இருக்கிறது என்று நினைத்து, கட்டி குறைவாகத்தான் இழுத்திருக்கிறது என்று சொல்லிவிடும். மெஷின்மேல் ஒரு குறையும் இல்லை. நர்ஸ்மேலும் இல்லை.

கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தது யார் என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. ஆயுத பூஜைக்குத் துடைத்து மாட்டியபோது நான்தான் வைத்தேன். காலையில் நர்ஸும் மற்றவர்களும் வேண்டுமென்றே தாமதமாக வருகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஊரில் பாதிக் கம்பெனிகளில் கடிகாரம் அப்படித்தான் ஓடுகிறது. நேரத்தை அதைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

ஆயுத பூஜைக்குப் பின் எடுத்த எல்லா ஸ்கேன்களுக்கும் சரியான நேரத்தைப் போட்டு மறுபடி கணக்கெடுத்தோம். ஒரே ஒருவருக்குத்தான் முடிவு மாறியது. கட்டிங் மாஸ்டருக்கு. திருத்திய எண் அந்த எல்லையைத் தாண்டவில்லை; மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம். டாக்டர் உடனே மருந்தை மாற்ற முடிவு செய்தார். மெஷின் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றார் மேனேஜர். எனக்கும் சபலம் தட்டியது, மறைப்பானேன்.

கட்டிங் மாஸ்டர் வந்து எதிரில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"கெடியாரத்தத் தள்ளி வெச்சது நாந்தானுங்ணா. உங்குளுக்கு ரெண்டு வாரம் வீணாப்போச்சு."

எண் குறைந்த அந்த ரிப்போர்ட் வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டினார்களாம். அதை மட்டும்தான் அவர் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போகும்போது திரும்பி, "அடுத்தவாட்டி ஊசி போடறப்ப மணிய நீங்களே எழுதுங்க அம்மிணி. வேற யாரு எழுதுனாலும் எனக்கு இனிச் சந்தேகமாத்தான் இருக்கும்" என்றார்.

தை மாதம் வந்தார். மணியை நானே எழுதினேன். எழுதியதை நர்ஸிடம் நீட்டி, சரியா பார் என்று கேட்டேன். அவள் கம்ப்யூட்டரை ஒருமுறை, என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.