நான் மாற்றிக் கொடுத்த செப்பு அண்டா

1997 என்று நினைக்கிறேன், ஆவணி மாதம். கோலார் தங்க வயலில், மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு அங்கிருந்த கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. திருச்சியிலிருந்து வந்தவர்கள் நாங்கள். குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை இருக்கலாம் என்று பிடித்த வீட்டிலேயே ஒன்றரை வருடம் ஓடியிருந்தது. தெருவில் பெரும்பாலும் சுரங்கத்தில் ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் குடும்பங்கள். காலையில் குழாயடியில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். சண்டை மட்டும் எந்த மொழியில் தொடங்கினாலும் தமிழில்தான் முடியும்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய சாமானைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. தேய்க்க வேண்டும், இல்லையென்றால் தள்ளிவிட வேண்டும். நான் ஊருக்கு வருகிறேன் என்று கடிதம் போட்டால் போதும், என் அம்மா வீட்டில் பாதிப் பாத்திரங்கள் பரணுக்குப் போய்விடும். இது தெரியாமல் எங்கள் தெரு மாதர் சங்கத்தில் என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். என் கையெழுத்து முத்து முத்தாக இருந்ததுதான் காரணம். நோட்டுப் புத்தகத்தோடு சங்க அறையின் சாவியும் என் கைக்கு வந்தது.

அந்த அறையில் ஜமுக்காளங்கள், பந்தல் கம்புகள், நாற்காலிகளுக்கு நடுவே ஒரு செப்பு அண்டா உட்கார்ந்திருந்தது. என் இடுப்பு உயரம். இரண்டு பக்கமும் வளையம். வயிற்றில் நான்கைந்து நசுங்கல், விளிம்பெல்லாம் பச்சைக் களிம்பு. கழுத்தைச் சுற்றி யார் யாரோ பெயர் வெட்டியிருந்தார்கள். தமிழில் இருந்ததை மட்டும் படித்தேன். எல்லாம் பெண்களின் பெயர்கள். மற்ற எழுத்துகள் எனக்குப் புரியவில்லை. அண்டா வாங்கப் பணம் கொடுத்தவர்களாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம் கொடுக்கிறவர் தள்ளுவண்டியோடு தெருவுக்குள் வந்தார். பங்காருபேட்டை ஸ்டேஷன் எதிரில் இருக்கும் கடையின் சரக்கு என்று பெருமையாகச் சொன்னார். ஆண்கள் ஷிஃப்டில் இருந்தார்கள், பெண்கள் ரேஷன் கடை வரிசையில். தெருவே காலி. அண்டாவைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். குழாய் வைத்த இரண்டு பெரிய ஸ்டீல் டிரம்மும் ஆறு கரண்டியும் கொடுத்துவிட்டு, அண்டாவைத் தள்ளிக்கொண்டு போனார். கரண்டி நான் பேரம் பேசி வாங்கியது. அதற்காக என்னையே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் மூன்றாவது வீட்டு டெய்லரம்மா வந்தார். வீட்டில் உருது பேசுகிறவர். தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை அவர் தைத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகளுக்கு நிக்காஹ். அண்டாவை எடுத்துத் துலக்க வேண்டும் என்று சாவி கேட்டார். நான் சிரித்தபடி கதவைத் திறந்து டிரம்களைக் காட்டினேன்.

"இது இன்னாத்துக்கு? அண்டா எங்க?"

மாற்றிவிட்டேன் என்றேன். அவர் அப்படியே ஜமுக்காளக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஐந்து நிமிடத்தில் தெருவே அறை வாசலில் நின்றது.

விஷயத்தை எனக்குச் சொன்னவர் எதிர்வீட்டு அக்கா. தெலுங்குக்காரர், வாய் ஓயாதவர். அன்று அவரே நிறுத்தி நிறுத்திப் பேசினார். சுரங்க வேலைக்கென்று நாலா பக்கத்திலிருந்தும் இந்தத் தெருவுக்கு ஆள் வந்த காலத்தில், ஒருத்தர் வீட்டுத் தண்ணீரை ஒருத்தர் குடிக்க மாட்டார்களாம். கல்யாணத்துக்கு வந்தாலும் சிலர் தங்கள் செம்பைத் தாங்களே தூக்கிக்கொண்டு வருவார்களாம். அதில் ஒரு கல்யாணத்தில் பெரிய ரகளையாகி, கடைசியில் எல்லா வீடும் சேர்ந்து இந்த அண்டாவை வாங்கியிருக்கிறார்கள். சாப்பாடு அவரவர் வழக்கப்படி, தண்ணீர் மட்டும் எல்லோருக்கும் இதிலிருந்து. கல்யாணத்தன்று காலையில் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து இதில் ஊற்றுவார்கள். பிறகு கல்யாணப் பெண்ணின் பெயரை அவரவர் எழுத்தில் கழுத்தில் வெட்டுவார்கள்.

"ஊத்தினப்புறம் இது யார் ஊட்டுத் தண்ணினு எவனாவது சொல்ல முடியுமா?" என்றார் அக்கா. "அதுக்குத்தாம்மா அந்த அண்டா."

நான் அங்கே வந்த பிறகு தெருவில் நடக்கும் முதல் கல்யாணம் இது. எனக்கு எப்படித் தெரியும் என்று வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்பதும் கூடவே வந்ததால் வாயை மூடிக்கொண்டேன். டெய்லரம்மாவின் மகள் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். வலது வளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இடம் தனக்குத்தான் என்று பத்து வயதிலேயே ஆணியால் கோடு போட்டு வைத்திருந்தாளாம். "நாளைக்கு முதல் ரயிலில் போய் நானே கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று சத்தியமாகத் தெரியாது.

தனியாக விடவில்லை. வியாழக்கிழமை விடிந்ததும் பங்காருபேட்டை ரயிலில் நாங்கள் நான்கு பேர்: நான், எதிர்வீட்டு அக்கா, டெய்லரம்மா, கல்யாணப் பெண். மூன்று நாளில் நிக்காஹை வைத்துக்கொண்டு பெண் வெளியே வரலாமா என்று அம்மா தடுத்திருக்கிறார். "என் இடம் எங்கனு எனக்குத்தாம்மா தெரியும்" என்று பர்தாவை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். கூட அந்த இரண்டு டிரம். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்த பெட்டியில் ஆளுக்கு ஒரு வசவு வாங்கினோம். கொஞ்ச நேரத்தில் டிரம்கள் மேல் நாலு பேர் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

கடை வாசலில் ஒருவர் பெரிய சுத்தியலால் பழைய தவலையை அடித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தார். அடுத்ததாக எங்கள் அண்டா. ஒரு வளையத்தை ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தார்கள். கல்யாணப் பெண் ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சுத்தியல்காரர் பயந்து இரண்டடி பின்னால் போனார்.

கடைக்காரர் கன்னடக்காரர். தமிழும் பேசினார். மசியவில்லை.

"மாத்தினது மாத்தினதுதான். மத்தியானம் பெங்களூர் லாரி வருது. இது உங்க தெருவுதுன்னு நான் எப்படிம்மா நம்பறது? அண்டா எல்லாம் ஒண்ணுதானே?"

நான் கழுத்திலிருந்த தமிழ்ப் பெயர்களை வேகமாகப் படித்தேன். "எழுத்து தெரிஞ்சவங்க யாரும் படிப்பாங்க" என்றார். அது நியாயம்தான். எனக்கு அந்தப் பெயர்களைப் பற்றி வேறு ஒன்றும் தெரியாது.

அப்போது எதிர்வீட்டு அக்கா அண்டாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். "நான் பாக்க மாட்டேன். நீ விரலை வை, நான் சொல்றேன்" என்றார் கடைக்காரரிடம். அவர் வேண்டாவெறுப்பாக ஒரு பெயரில் விரலை வைத்தார். கல்யாணப் பெண் அதை உரக்கப் படித்தாள். அக்கா ஆரம்பித்தார். அந்தப் பெண் பக்கத்தில் ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்புக்கு வாழ்க்கைப்பட்டது, பந்தியில் பாயசம் பத்தாமல் மாப்பிள்ளையின் சித்தப்பா கோபித்துக்கொண்டு ஸ்டேஷன் வரை போனது, அவரைக் கூப்பிடப் போனவரும் கோபித்துக்கொண்டது. அடுத்த பெயர் உருது. அதை டெய்லரம்மா எடுத்துக்கொண்டார். மேளக்காரரும் பேண்டு வாத்தியக்காரரும் போட்டி போட்டு வாசித்ததில் மணமகனின் குதிரை மிரண்டு இட்லிக் கடைக்குள் புகுந்த கதை. இருவரும் மாறி மாறிச் சொல்லச் சொல்ல, கடைக்கு வந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். சுத்தியல்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் குந்திக்கொண்டார். உள்ளேயிருந்து கடைக்காரரின் மனைவி மாவுக் கையோடு வந்து, "அப்புறம்? குதிரை இன்னா ஆச்சு?" என்றார்.

ஒரு பெயரில் மட்டும் அக்கா குரல் இறங்கியது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்தப் பெண்ணின் அப்பா சுரங்கத்துக்குள் பாறை வெடித்ததில் இறந்துவிட்டாராம். தெருவே நின்று குறித்த நாளில் கல்யாணத்தை நடத்தியிருக்கிறது. "அன்னிக்கு வீட்டுக்கு ரெண்டு கொடம் ஊத்தினோம்" என்றார் அக்கா.

கடைக்காரரின் மனைவி கணவரைப் பார்த்தார். "கொட்டுபிடி" என்றார் கன்னடத்தில். கொடுத்துவிடுங்கள் என்று அர்த்தம். அவர் லாரி, பெங்களூர் என்று ஏதோ முனகினார். அந்தம்மா மறுபடியும் அதே வார்த்தையைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். கடைக்காரர் டிரம்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கழற்றிய வளையத்தைத் தானே பொருத்திக் கொடுத்தார். ஆறு கரண்டியை நான் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். "கல்யாணத்துக்கு அதிலேயே பரிமாறுங்க" என்று சிரித்தார் அந்தம்மா.

புளி போட்டு அண்டாவைத் துலக்கும் வேலை எனக்குத்தான் விழுந்தது. இரண்டு நாள் கை எரிந்தது. பெயர்கள் மேல் விரல் போகும்போதெல்லாம் மெதுவாகத் தேய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பந்தலில் அண்டா தகதகவென்று நின்றது. ஒவ்வொரு வீடாகக் குடம் வந்தது. நான் தூண் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். வாடகைக்கு வந்தவள், அதிலும் அண்டாவையே தள்ளிவிட்டவள். எந்த முகத்தோடு குடம் தூக்குவது? அண்டா ஒரு சாண் குறையாக இருந்தது. ஊற்றுவது நின்றுவிட்டது. எதற்கோ காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கல்யாணப் பெண் மருதாணிக் கையோடு எட்டிப் பார்த்து, "அக்கா, உங்க கொடம் எங்க? உங்களுக்காகத்தான் எல்லாரும் நிக்கிறாங்க" என்றாள்.

ஓடினேன். ஓடுகிற அவசரத்தில் வழியிலேயே பாதித் தண்ணீரைப் புடவையில் கொட்டிக்கொண்டேன். மிச்சத்தை அண்டாவில் ஊற்றினேன். அண்டா நிறையவில்லைதான், ஆனால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. டெய்லரம்மா ஒரு டம்ளர் மொண்டு முதலில் என்னிடம் நீட்டினார்.

அதன் பிறகு சுரங்கம் மூடப்பட்டு எத்தனையோ குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின, நாங்களும் வந்துவிட்டோம். ஆனால் எங்கே குடியிருக்கிறேனோ அந்தத் தெரு என்னுடையது இல்லை என்று தோன்றும் நாட்களில், நான் கெடுக்கப் பார்த்த கல்யாணத்தில் என் அரைக்குடம் தண்ணீருக்காக ஒரு தெருவே காத்து நின்றதை நினைத்துக்கொள்கிறேன். உடனே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விடுகிறேன்.