அம்மாவுக்கு மட்டும் தூரம்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு விமானத்தில் போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று போன வாரம் என் மகள் போனில் தேடிக் காட்டினாள். சில நிமிஷம்தான் என்று போட்டிருந்தது. இரண்டு ஊரிலும் விமானம் இறங்க இடம் கிடையாது. போனுக்கு அந்தக் கவலை இல்லை. இந்தக் கேள்வியை நான் இரண்டாவது படிக்கும்போதே கேட்டுவிட்டேன் என்று அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

அந்த வருஷம் ஆனித் தேருக்கு அம்மாவும் நானும் சிதம்பரம் போவதாக இருந்தோம். அது அம்மா பிறந்த ஊர். கூட்டிப்போக, சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, முதல் நாளே வந்துவிட்டார். காலையில் எழுந்து பார்த்தால் அம்மா பின்பக்கம் தனியாகப் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அடுப்படியில் அத்தை, அப்பாவின் அக்கா.

"அம்மா தூரம்டா. நீ மாமாகூடப் போய்ட்டு வா" என்றாள் அத்தை.

மாதத்தில் அந்த மூன்று நாளுக்கு எங்கள் பக்கம் சொல்லும் சொல் அது என்று எனக்குத் தெரியாது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டினால் சிதம்பரம். எனக்குப் பக்கமாக இருக்கும் ஊர் அம்மாவுக்கு மட்டும் எப்படித் தூரமாகும்? "நாள் தள்ளிப் போச்சே, இந்த வாட்டியாவது நிக்கும்னு பாத்தேன்" என்று அத்தை பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னதும் காதில் விழுந்தது. பஸ்ஸைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அம்மாவுக்குப் பஸ்ஸும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே பிளேனில் வந்திறங்கிய மாமாவிடம் போனேன்.

"மாமா, பிளேன்ல போனா சிதம்பரம் எவ்ளோ நேரம்?"

"பெல்ட்டு மாட்றதுக்குள்ள வந்துடும்டா மாப்ள. முட்டாய் குடுப்பாங்க, அதப் பிரிக்கிறதுக்குள்ள சிதம்பரத்தத் தாண்டி சீர்காழி போயிடும்."

"அப்ப அம்மாவுக்குத் தூரம் இருக்காதுல்ல?"

மாமா செருப்பைத் தேடப் போய்விட்டார். செருப்பு காலில்தான் இருந்தது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்; முதுகு மட்டும் குலுங்கியது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நிறையக் கேட்டேன். விமானத்துக்கு ஹாரன் உண்டா, மேகத்தில் போனால் சட்டை நனையுமா. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. தூரம் என்று எடுத்தால் மட்டும் மாமா தூங்கிவிட்டார்.

கீழவீதியில் வடம் பிடிக்கும் கூட்டத்தோரம் சித்தி காத்திருந்தாள். "அக்கா எங்கடா?" என்றாள்.

தேர்ச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று கத்தினேன். "அம்மா தூரம்! பஸ்ல வந்தாதான் தூரம். பிளேன் விட்டா வந்துடும்!"

சுற்றி நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். "ஒங்க மாமன ஒண்ணு வாங்கி உடச் சொல்லுடா!" என்றாள் ஒருத்தி. மாமா வடம் பிடிக்கிற சாக்கில் கூட்டத்துக்குள் மறைந்தார்.

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. எனக்குப் பிறகு ஒரு பிள்ளை வேண்டும் என்று அம்மாவோடு சேர்ந்து அவளும் வேண்டிக்கொண்டிருந்தாளாம். அது எனக்கு எவ்வளவோ காலம் கழித்துத் தெரிந்தது. அன்று அவள் குனிந்து, "இந்த மாசமுமா?" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அக்கா அழுதுச்சாடா?" என்று கேட்டாள்.

"ஆமா சித்தி" என்றேன். "தேர் பாக்க முடியலன்னு அழுதுச்சி."