ஒருமுறை மட்டும் அடித்த மணி

பாரிசவாதம் வந்து என் மனைவியின் இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு, பின் அறையில் அவள் கட்டிலருகே ஒரு சுவிட்சும் முன் விறாந்தையில் ஒரு மணியுமாக நான் ஒரு கருவி செய்தேன். யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையில் எங்கள் வீடு. வீட்டில் இருவர்தான். எனக்குக் காது மந்தம். அவள் கூப்பிட்டால் கேட்காது. நான் வராவிட்டால் அவள் தானாக எழும்பப் பார்ப்பாள். விழுந்தால் தூக்க வேறு ஆள் இல்லை.

நான் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். இளவயதில் தபால் மூலம் ரேடியோ வேலை படித்திருந்தேன். மைக்ரோகொன்ட்ரோலர் எனக்குப் புதிது. எட்டுக் கால் உள்ள சின்னச் சிப். மாத்தளை டவுனில் ரேடியோ கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், நான் சொன்னபடி அதற்குப் புரோகிராம் எழுதித் தந்தார். அவள் சுவிட்சை அமுக்கினால் மணி நீளமாக மூன்று முறை அடிக்க வேண்டும். நான் வந்து நிறுத்தும்வரை அந்த மூன்றும் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால், தான் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்க ஒரே ஒரு சின்ன அடி. மூன்று என்றால் அவள், ஒன்று என்றால் சிப். இதைவிடத் தெளிவான கணக்குக் கிடையாது என்று நினைத்தேன்.

முதல் கிழமையே, சாயங்காலங்களில் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. லைட் அணையவில்லை. கரண்ட் போகாமல் எதற்கு அடிக்கிறது? போய்க் கேட்டால், தான் அமுக்கியதாக அவள் சொன்னாள். நீ அமுக்கினால் மூன்றல்லவா அடிக்கும் என்றேன். மறுநாள் காலையில் பத்துத் தரம் அமுக்கச் சொன்னேன். முப்பதும் சரியாக அடித்தது. ஆகவே சந்தேகம் அவள்மேல் போனது. தட்டியும் தட்டாமலும் விட்டு விளையாடுகிறாளோ? நான் ரேடியோவில் செய்தி கேட்பது அவளுக்கு எப்போதும் பிடிக்காது.

தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு எண்ணுவதும், அரை நாள் வேலைக்கு அரைப் பேர் போடுவதும் முப்பத்தொரு வருடம் என் வேலை. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு வாட்டி அடிச்சாத்தான் கணக்கப்பிள்ளை வருவாரோ? ஒருவாட்டி அடிச்சா அரைப் பேரா?"

அடுத்த சந்தேகம் நானாமேல். பழுதான சிப்பை என் தலையில் கட்டிவிட்டாரோ? கருவியை அவரிடம் காட்ட வேண்டும். ஆனால் டவுனுக்கு முன்னால் செக்பொயின்ட் இருந்தது. பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையையும் பையையும் பார்ப்பார்கள். என் தமிழ்ப் பெயரை வாசித்தால் முகத்தை இன்னொரு தரம் பார்ப்பார்கள். அந்தப் பையில் ஒரு போர்டு, ஏழு வயர், ஒரு மணி, ஒரு சுவிட்ச் எல்லாம் ஒன்றாக இருந்தால், அது நோயாளிக்குச் செய்தது என்று எந்த மொழியில் சொல்லி யாரை நம்பவைப்பது?

பிரித்துக் கொண்டுபோனேன். முதலில் கருவிக்குக் கரண்ட் கொடுக்கும் அடப்டர் மட்டும். சிப்பாய் புரட்டிப் பார்த்து என்னவென்று சிங்களத்தில் கேட்டான். ரேடியோவுக்கு என்றேன், விட்டான். அடுத்த கிழமை போர்டு மட்டும், வெற்றிலைப் பைக்குள். மணி இன்னொரு நாள்.

அடப்டரில் ஒன்பது வோல்ட் என்று எழுதியிருந்தது. நானா மீட்டரை வைத்ததும் பன்னிரண்டுக்கு மேலேயே காட்டியது; குறைவில்லை என்றார். போர்டைத் தன் மேசையிலிருந்த சப்ளையில் கொடுத்தார், ஒழுங்காக வேலை செய்தது. மணியிலும் பழுதில்லை.

"எல்லாம் நல்லாத்தானே ஈக்கி ஐயா," என்றார். "ஊட்டுலதான் என்னமோ ஈக்கி."

வீட்டில் அவளைத் தவிர வேறென்ன இருக்கிறது? என் சந்தேகம் திரும்பவும் கட்டிலடிக்கே வந்தது.

பிறகு ஒருநாள் சாயங்காலம், செய்தி போய்க்கொண்டிருந்தபோது மணி ஒருமுறை அடித்தது. நான் எழும்பவில்லை. செய்தி முடிந்து தேத்தண்ணீர் கொண்டுபோனேன். அவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் கிடந்தாள். கழிவறைக்குப் போக எழும்பியிருக்கிறாள். முழங்கையில் இரத்தம்.

"அமுக்கினேங்க," என்றாள். "ஒருவாட்டி அடிச்சுச்சு. நீங்க எந்திரிக்கிற சத்தத்துக்குக் காத்துக்கிட்டே இருந்தேன்."

அவளைத் தூக்கிக் கட்டிலில் சேர்த்து, காயத்தைத் துடைத்துக் கட்டினேன். அன்றே என் பழைய முள் மீட்டரை எடுத்து, சிப்புக்குப் பவர் வரும் கால்களில் பிடித்துக்கொண்டு, அவளை அமுக்கச் சொன்னேன். சிப்புக்கு வேண்டிய ஐந்து வோல்ட்டில் நின்ற முள், மணி தொடங்கிய கணமே நாலுக்குக் கீழே விழுந்து மீண்டது. ஓர் அடியோடு எல்லாம் ஓய்ந்தது. திரும்ப அமுக்கினாள், திரும்ப விழுந்தது.

எங்கள் வீடு கரண்ட் லைனின் கடைசிக் கம்பத்தில் இருந்தது. சாயங்காலம் ஊரே லைட் போட்டதும் எங்கள் பல்ப் மஞ்சளாகிவிடும். பல்பைத் தினமும் பார்த்த நான் அடப்டரும் அப்படியே இளைக்கும் என்று நினைக்கவில்லை. சும்மா கிடக்கையில் பன்னிரண்டு காட்டும் அடப்டர், மணியின் நீண்ட அடியைத் தாங்காமல் படுத்துவிடுகிறது. சிப் ஒரு கணம் செத்து, எழும்பி, அவள் கூப்பிட்டதையே மறந்து, உயிரோடிருக்கிறேன் என்று ஒரு சின்ன அடி அடிக்கிறது. பாதியில் முறிந்த நீண்ட அடியும் இந்தச் சின்ன அடியும் சேர்ந்து என் மந்தக் காதுக்கு ஒன்றாகக் கேட்டிருக்கிறது. நானாவின் மேசையில், அதுவும் பகலில், ஒவ்வொன்றும் தனித்தனியே குற்றமற்றது. அடப்டர், போர்டு, மணி மூன்றையும் ஒன்றாக வைத்து யாரும் பார்க்கவில்லை. பார்க்க நான் விடவுமில்லை.

மறுநாள் மணியை அடப்டரிலிருந்து பிரித்து, அதற்கென்று நான்கு டோர்ச் பேட்டரி கொடுத்தேன். சிப் இனிமேல் ஒரு டிரான்சிஸ்டர் வழியாகக் கட்டளை மட்டும் கொடுக்கும். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய, கரண்டைத் தேக்கிவைக்கும் பெரிய கன்டென்சர் ஒன்றைப் போர்டின் பவர் வாசலிலும், சின்னது ஒன்றைச் சிப்பின் காலருகிலும் பற்றவைத்தேன். டவுனுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. பல்ப் மஞ்சளான பிறகு சோதித்தேன். முள் அசையவில்லை. மூன்று அடித்தது.

அடுத்த நாள் மூன்று அடித்த கையோடு, டணார் டணார் என்று இன்னொரு சத்தமும் வந்தது. போனால், அவள் கரண்டியால் கட்டிலின் இரும்புக் காலைத் தட்டிக்கொண்டிருந்தாள். மணிதான் சரியாகிவிட்டதே, இன்னும் அதை நம்பவில்லையா என்று கேட்டேன்.

"மணிய நம்புறேங்க," என்றாள். "நீங்கதான் அங்கினயே உக்காந்து எண்ணிக்கிட்டு இருப்பீங்க."

அன்று முதல் சாயங்காலங்களில் என் கதிரையை அவள் அறை வாசலில் போட்டுக்கொண்டேன். மணி முன் விறாந்தையிலேயே இருந்தது. அது அங்கே அடித்தால் இங்கே எனக்குக் கேட்குமா என்பதுதான் அதன் பிறகு என் சந்தேகம்.