குரோம் பம்பருக்குக் கறுப்படித்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அவரை ஜீப் ஓட்டியவர் என்றுதான் தெரியும். அவர் செய்த ஒரு காரியத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அண்ணன் சிலமலையில் பிறந்தார். எங்கள் பெற்றோருக்கு அவரும் தங்கையான நானும் இரண்டே பிள்ளைகள். அப்பா காலமானபோது அண்ணன் பத்தாம் வகுப்பு. புத்தகத்தை மூடிவிட்டு போடியில் ஒரு லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். என் படிப்பை மட்டும் நிறுத்தவிடவில்லை. பிறகு எட்டு வருடம் அடுத்தவர் ஜீப்பை ஓட்டி, சொந்தமாக ஒரு பழைய ஜீப் வாங்கினார். தினமும் விடியற்காலை ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவார்.

அந்த ஜீப்பை அவர் வைத்திருந்த அழகைச் சொல்ல வேண்டும். முன் பம்பர், கிரில், விளக்கு வளையங்கள் எல்லாவற்றையும் மதுரைக்குக் கொண்டுபோய்க் குரோம் பூசி வாங்கினார். பழைய வேட்டித் துணியால் அவர் துடைத்துவிட்டு நகர்ந்தால், தோட்டத்துப் பெண்கள் பம்பரில் குனிந்து பொட்டைச் சரிசெய்து கொள்வார்கள். ஜீப் ஸ்டாண்டில் அதற்கு வெள்ளி ஜீப்பு என்றே பெயர்.

ஒரு தை மாதக் காலை. அண்ணன் இரண்டாவது நடை ஏறிக்கொண்டிருந்தார். பாண்டி என்கிற இன்னொரு டிரைவர், தன் முதலாளியின் ஜீப்பில் ஏலக்காய் மூட்டைகளோடு இறங்கி வந்தார். வளைவு ஒன்றில் அண்ணனைக் கடந்த மறுகணம் பாண்டியின் வண்டி மலைப்பக்கப் பாறையில் மோதிச் சாய்ந்தது. அவருக்குக் கணுக்காலில் எலும்பு முறிந்தது. உடன் வந்த ஒரு அம்மாவுக்குக் கை ஒடிந்தது. இருவரையும் தூக்கித் தன் ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர் அண்ணன்தான்.

பாண்டி கண்ணசந்துவிட்டார் என்று ஊரே சொன்னது. முதலாளி இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். பாண்டி ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். "வெள்ளையா என்னமோ மூஞ்சியில அடிச்சுச்சு. பெறகு ஒண்ணுந் தெரியல." அதை யாரும் காதில் வாங்கவில்லை.

எட்டு நாள் கழித்து, டீக்கடையில் யாரோ அந்தப் பேச்சைக் கேலியாகச் சொல்ல, அண்ணன் கேட்டிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை என்னிடம், "தாயி, எங்கூடக் கொஞ்சம் மேல வா. ஒரு சோலி இருக்கு" என்றார்.

விபத்து நடந்த வளைவுக்கு மேலே, பாண்டி இறங்கி வந்த இடத்தில், என்னைச் சாலையோரம் நிற்கச் சொன்னார். ஜீப்பைக் கீழே கொண்டுபோய்த் திருப்பி, அதே நேரத்துக்கு அதே வேகத்தில் ஏறி வந்தார். என் முதுகுக்குப் பின்னால் வெயில். வளைவில் ஜீப் திரும்பியதும் அந்த வெயில் முழுவதும் பம்பரில் பட்டு என் கண்ணில் இறங்கியது. சாலையும் தெரியவில்லை, ஜீப்பும் தெரியவில்லை. கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அண்ணன் இறங்கி வந்தார்.

"கண்ணு கூசுச்சா?"

எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. "இல்லண்ணே" என்றேன்.

"பெறகு ஏன் கண்ணுல தண்ணி வடியுது?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் திரும்பிப் பம்பரைப் பார்த்தார். ஒருவரும் அவரைச் சந்தேகிக்கவில்லை. நாங்கள் இருவரும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

அண்ணன் நேராக ஜீப் ஸ்டாண்டுக்கு வண்டியை விட்டார். பாண்டியின் முதலாளியும் நாலைந்து டிரைவர்களும் நின்றிருந்தார்கள்.

"முதலாளி, பாண்டி தூங்கல. எம் பம்பர் அடிச்ச வெளிச்சந்தான் அவன் கண்ணைக் கெடுத்திருச்சு. எந் தங்கச்சியை நிப்பாட்டிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

ஒரு டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்னைய யாருண்ணே கேட்டா? எல்லாரு வண்டியிலயுந்தான் குரோம் கெடக்கு. நாளைக்கு எங்களையும்ல சொல்லுவாய்ங்க."

"யாரும் கேக்கலப்பா. அதான் நானா வந்து சொல்றேன்" என்றார் அண்ணன். அந்த டிரைவர் அதன்பிறகு கடைசிவரை அண்ணனோடு பேசவே இல்லை.

அங்கிருந்து பாண்டி வீட்டுக்குப் போனோம். கட்டுப்போட்ட காலோடு அவர் படுத்திருந்தார். அண்ணன் தரையில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பாண்டி அண்ணனைத் திட்டவில்லை. வாசற்படியில் நின்ற தன் மனைவியை நிமிர்ந்து பார்த்து, "கேட்டியா?" என்றார். அவ்வளவுதான். மனைவி சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டிலும் பாண்டியை நம்பியிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அன்றே அண்ணன் கறுப்புப் பெயிண்ட் வாங்கிவந்து குரோமின் மேல் அடித்தார். மலைப்பனியிலும் தெறித்த கல்லிலும் ஒரே வாரத்தில் அது தோல் உரிவதுபோல் உரிந்து, உள்ளேயிருந்து பழைய பளபளப்பு எட்டிப் பார்த்தது. போடியில் பெயிண்டர் ஒருவர், "குரோம்ல எதுவும் ஒட்டாதுண்ணே. மொதல்ல அந்த வழவழப்பைக் கொல்லணும்" என்றார்.

அண்ணன் எல்லாக் குரோம் உருப்படிகளையும் கழற்றி முற்றத்தில் பரப்பினார். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவினார். தண்ணீர் விட்டு விட்டு உப்புத்தாளால் தேய்த்தார். அண்ணன் மனைவி மதினியும் நானும் கூடத் தேய்க்க உட்கார்ந்தோம். இரண்டாம் நாள் ஆட்டோவில் வந்து இறங்கியவர் பாண்டி. கம்பை ஊன்றி நடந்துவந்து, கட்டுக்காலை நீட்டி உட்கார்ந்து, விளக்கு வளையத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "நீ எதுக்குப்பா?" என்று அண்ணன் கேட்டதற்கு, "சும்மா கெடக்க முடியலண்ணே, ஒரு தாளக் கொண்டா" என்றார்.

நாலு நாள் தேய்த்தோம். அண்ணன் ஆசையாகப் பூசி வாங்கிய அத்தனையும் சாம்பல் நிறமானது. அதன்மேல் பிரைமர் அடித்து, காயவிட்டு, மினுக்கமில்லாத கறுப்பை மெல்லிசாக மூன்று தடவை அடித்தார். அந்தக் கறுப்பு அப்புறம் உரியவில்லை. தோட்டத்துப் பெண்கள்தான், "கண்ணாடியக் கெடுத்துப்புட்டீகளேண்ணே" என்று குறைப்பட்டார்கள். அடுத்த மாதங்களில் ஆறு ஜீப் டிரைவர்கள் தங்கள் பம்பரைக் கழற்றிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள். கால் கூடியதும் பாண்டிக்குப் பழைய முதலாளியே சாவியைக் கொடுத்தார். கை ஒடிந்த அம்மாவை, கட்டுப் பிரிக்கும்வரை அண்ணனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வந்தார்.

அதற்குப்பின் என் திருமணத்தை நடத்தினார். தன் இரு மகள்களையும் கல்லூரியில் படிக்க வைத்தார். கடைசியில் நுரையீரல் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. ஏழு மாதம். வலியை முகத்தில் காட்டாமல், பார்க்க வந்தவர்களிடம் "சாப்ட்டீகளா" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த சிலமலை இளைஞர்களுக்கும், துக்கத்தில் பங்குகொண்ட சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனை எடுத்துச் சென்ற அன்று ஒரு ஜீப்பும் மலையேறவில்லை. வேலைக்குப் போக வேண்டிய பெண்கள் தூக்குவாளியோடு அப்படியே எங்கள் தெருவுக்கு வந்து நின்றார்கள். அவர்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி சொல்ல வேண்டும் என்றால் நான் ஒருநாள் விடியுமுன் எழுந்து, ஸ்டாண்டில் போய் நிற்க வேண்டும். நிற்பேன்.