புது ஹேண்டில் பாரில் நான் ஒளித்துக் கட்டிய கயிறு

காளியம்மனை நம்பி வாழும் என் சொந்தங்களே, அன்று என் மகனை நானே கொன்றிருப்பேன். அம்மன் தடுத்தாள். இந்த வரியை எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

நான் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். எதையும் அளந்து பார்த்த பிறகே நம்புகிறவன். ஆனால் மகன் விஷயத்தில் என்னிடம் எந்த அளவுகோலும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

அவன் பெயர் முகிலன். வயது இருபத்து மூன்று. பெரம்பலூர் பக்கம் ஒரு டயர் தொழிற்சாலையில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு பழைய வண்டி ஒன்று வாங்கினான். பந்தய வண்டி போலத் தோற்றம் உள்ள சின்ன மோட்டார் சைக்கிள். அதை எடுத்துக்கொண்டு புறவழிச் சாலையின் வளைவுகளில் முழங்கால் தரையில் உரசுகிற மாதிரி சாய்த்து ஓட்டுவான். எங்கள் ஊர்ச் சாலைகள் எப்படி என்று உங்களுக்கே தெரியும். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போகும். அவை உதிர்த்த கல்லும் தூளும் வளைவு முழுக்கக் கிடக்கும். அவனுடைய நண்பன் ஒருவன் அந்தத் தூளில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

"ஓட்டித்தான் ஆவணும்னா ட்ராக்ல போய் ஓட்டு. இந்த ரோட்டுல வேணாம்" என்று நான்தான் சொன்னேன். கோபத்தில் சொன்னது. அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான்.

சென்னைக்குப் பக்கத்தில் உள்ள பந்தயத் தடத்தில் ஒருநாள் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தான். கடந்த ஆடி மாதம், மூன்றாவது சனிக்கிழமை. அதற்காக வண்டியின் ஹேண்டில் பாரை மாற்ற முடிவு செய்தான். முன்பு வைத்திருந்தவர் இடுப்பு வலிக்காக உயரமான, ஒரே கம்பியாலான பாரைப் போட்டிருந்தார். தடத்தில் குனிந்து படுத்து ஓட்ட அது ஒத்துவராதாம். அதை எடுத்துவிட்டு, முன்பக்கத்து இரண்டு ஃபோர்க் குழாய்களிலும் தனித்தனியாக இறுக்குகிற இரண்டு குட்டைக் கைப்பிடிகளைப் போட்டான். 'கிளிப் ஆன்' என்கிறார்கள்.

வேலையைச் செய்தது பெரம்பலூரில் மெக்கானிக் ஷாகுல். எனக்கு ஐந்து வயது இளையவர். வேலையில் சுத்தம். வலது கைப்பக்கம் இருந்த பெரிய சுவிட்சுப் பெட்டியையும் எடுத்துவிட்டு ஒரு சின்னப் பொத்தானை வைத்தார். அதனால் பிரேக் லீவருக்கும் ஆக்ஸிலேட்டர் கிரிப்புக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் கம்பி தெரிந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் புரியும்.

பழைய பாரின் நடுவில், வண்டி வாங்கிய அன்று நான் கட்டிய அம்மன் கயிறு இருந்தது. இரண்டு வருடம் அவனைக் காத்த கயிறு. பார் போனதோடு கயிறும் போயிற்று. எனக்கு அது பெரிய அபசகுனமாகப் பட்டது. வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்கு ஓடினேன். நம் அம்மன் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். மற்ற நாட்களில் அவள் மலைக்குப் போய்விடுவாள் என்பது ஐதீகம். பூசாரி எலுமிச்சம்பழத்தோடு ஒரு புதுச் சிவப்புக் கயிறு கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மகனிடம் நீட்டினேன். "வண்டியில கட்டுப்பா" என்றேன்.

"அப்பா, ட்ராக்ல எதுவும் தொங்கக் கூடாது. பாத்தாங்கன்னா வண்டிய வெளிய தள்ளிடுவாங்க" என்றான்.

கயிற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். என் மனைவி செல்வி சமையலறையிலிருந்து சிரித்தாள். "நேத்து பூரா அம்மன் பாத்துக்குவான்னு எனக்குத் தைரியம் சொன்னீங்க. இன்னிக்கு நீங்களே பாத்துக்கிறதா முடிவு பண்ணிட்டீங்களா?"

சாயங்காலம் அவன் குளிக்கப் போனான். நான் வண்டியிடம் போனேன். பழைய இடத்தில் கட்டலாம் என்று பார்த்தால், இந்தப் புதுப் பாரில் நடுவே கிடையாது. இரண்டு துண்டுகள். இடையில் ஒன்றுமில்லை. வலது பக்கம் தெரிந்த அந்த ஒரு விரல் அகலக் கம்பியில் மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சைக் கீழ்ப்பக்கம் ஒளித்தேன். மிச்ச நூலை வெட்டவில்லை. சாமிக் கயிற்றைக் கத்தரிப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஆக்ஸிலேட்டரை ஒருமுறை முறுக்கிப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை. ஆலையில் ஒரு பை சிமெண்டைக்கூடச் சோதிக்காமல் வெளியே விடாதவன் நான்.

ஷாகுலின் மச்சான் ரபீக் 'குட்டி யானை' சரக்கு வண்டியோடு வந்தார். வண்டியை ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். முகிலன் திரும்பிப் பார்த்து, "போயிட்டு வரேன்பா. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் போன் எடுக்க மாட்டேன், அங்க வாங்கி வெச்சிடுவாங்க. பயந்துக்காதீங்க" என்றான். எனக்கு மனம் நிறைந்திருந்தது. கயிறு இருக்கிறதே.

சனிக்கிழமை காலை பழைய பாரை வாங்கி வரப் பெரம்பலூர் போனேன். ஷாகுல் அதைச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். கயிறு அதிலேயே இருந்தது.

"நான் அவுக்கலண்ணே. உங்க சாமி கயிறு. நான் எப்படி அதுல கை வெக்கிறது?" என்றார். எனக்குக் கண் கலங்கியது. அவர் டீ சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்: "புதுசுல மட்டும் எதையும் கட்டிடாதீங்க. பழைய பாரு மேல நட்டமா நிக்கும். இது கீழ பாத்துச் சரிஞ்சிருக்குல்ல? வண்டி அதிர அதிர, எது கட்டினாலும் வழுக்கிகிட்டுக் கிரிப்புக்கு வந்துரும். நூலு உள்ள சிக்குச்சுன்னா, முறுக்குனது முறுக்குனபடியே நிக்கும். கையை விட்டாலும் வேகம் கொறையாது."

தம்ளர் கையில் இருந்தது. டீ சிந்தியது எனக்குத் தெரியவில்லை.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. சூடு" என்றேன்.

சொந்தங்களே, என் பாவம் இதுதான். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஐம்பது வயது மனிதன், படித்தவன், மகனுக்குத் தெரியாமல் வண்டியில் கயிறு கட்டினேன் என்று சொல்ல வெட்கப்பட்டேன். கடையை விட்டு வெளியே வந்து முகிலனுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. மீண்டும் போட்டேன். அதே குரல். பதினோரு மணிக்கு இரண்டாவது சுற்று என்று அவன் சொல்லியிருந்தான். அப்போது மணி பத்து இருபது. வளைவுக்கு முன்னால் அவன் கையை விடுவதும், வண்டி நிற்காமல் பாய்வதும் கண்ணுக்குள் ஓடியது.

என் ஸ்கூட்டர் தானாகவே கோயில் பக்கம் திரும்பியது. போகிற வழியெல்லாம், "தாயே, அந்த நூலை அறுத்துவிடு" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனேன்.

கோயிலை அடைந்த பிறகுதான் உறைத்தது. சனிக்கிழமை. நடை சாத்தியிருந்தது. பூட்டு தொங்கியது. பூக்கடை ஒன்றுகூட இல்லை. அவள் மலைமேல் இருக்கிறாள். என் மகன் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறான். நடுவில் நான் ஒருவன், பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கதவில் நெற்றியை வைத்து அழுதேன். வாய் விட்டுச் சொன்னேன்: "தாயே, உன்மேல் நம்பிக்கை இல்லாமல்தான் அந்தக் கயிற்றை ஒளித்துக் கட்டினேன். உன்னை நம்பியிருந்தால் அவனிடம் சொல்லிவிட்டே கட்டியிருப்பேன். தப்பு என்னுடையது. அவனை எடுத்துக்கொள்ளாதே."

சொல்லி முடித்தவுடன் என் நெஞ்சில் இருந்த வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மனிடமே சொல்லியாயிற்று, ஷாகுலிடம் சொல்ல என்ன? அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டேன்.

"ஷாகுல், புது பாருல நான் கயிறு கட்டிட்டேன். அவனுக்குத் தெரியாது."

"யா அல்லா! அப்பவே ஏன்ணே சொல்லல? போன வைங்க, ரபீக்கக் கூப்புடுறேன்" என்றார்.

ஒரு நிமிடத்தில் திரும்ப அழைத்தார். ரபீக்கின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி முயன்றார். அதே பதில். காலையில் கூப்பிட்டபோதும் அப்படித்தானாம், தடத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் சிக்னல் எடுக்காது என்றார். தடத்து அலுவலகத்தின் எண் எங்கள் இருவரிடமும் இல்லை. "நீங்க உங்க சாமிய விடாதீங்க. நானும் துவா கேட்டுகிட்டேதான் போடுறேன்" என்றார். மணி பத்து நாற்பத்தெட்டு. நான் கதவின் பூட்டைப் பிடித்தபடி நின்றேன். வேண்டுதல்கூட வரவில்லை. "அம்மா, அம்மா" என்பது மட்டும் வந்தது.

பத்து ஐம்பத்து மூன்றுக்கு என் போன் அடித்தது. ஷாகுல் கத்தினார்: "ரபீக் எடுத்துட்டான்ணே! ஓடுறான்!"

பிறகு தெரிந்தது இது. வெயில் ஏற, வண்டிக்குள் படுத்திருந்த ரபீக்குக்குப் புழுக்கம் தாங்கவில்லை. வண்டியை எடுத்துப் போய் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். நிறுத்திய இடத்தில் சிக்னல் வந்தது. அந்த நொடியில் போன் அடித்தது. காலை முழுக்க நகராத வண்டியை அவர் ஏன் அப்போது நகர்த்தினார் என்று நீங்களே சொல்லுங்கள். வெயில் என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். வெயிலும் அவளுடையதுதான்.

ரபீக் செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் ஓடியிருக்கிறார். தடத்துக்குள் நுழையும் வழியில் வண்டிகள் வரிசையாக நின்றன. முகிலன் மூன்றாவது ஆள், ஹெல்மெட் மாட்டி, இன்ஜினை உறுமவிட்டபடி. கொடி பிடித்திருந்தவர் ரபீக்கை உள்ளே விடவில்லை. அவர் வேலிக்கு வெளியே நின்று போட்ட கூச்சலில் அவர்களே வரிசையை நிறுத்திவிட்டார்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தார்கள். காலையில் சோதித்தபோது யார் கண்ணிலும் படாமல் பாருக்குக் கீழே ஒளிந்திருந்த கயிறு, முதல் சுற்றின் அதிர்வில் சரிந்து கிரிப்பின் விளிம்புக்கு வந்திருந்தது. மிச்ச நூலின் நுனி உள்ளே போயிருந்தது. தடத்தின் பொறுப்பாளர் ஆக்ஸிலேட்டரை முழுதாக முறுக்கிக் கையை எடுத்தார். அது திரும்பவில்லை. அப்படியே நின்றது.

யாருடைய போனிலிருந்தோ முகிலன் பேசினான்.

"அப்பா."

எனக்கு அழுகைதான் வந்தது.

"அழுவுறீங்களா? எனக்கு ஒண்ணும் ஆகலப்பா. முழுசா இருக்கேன்." பிறகு சொன்னான்: "முடிச்சப் பாத்ததுமே நீங்கன்னு தெரிஞ்சிடுச்சு. லேப்ல சாம்பிள் மூட்டைக்கு நீங்க போடுற முடிச்சு. பல்லால கடிச்சுத்தான் அவுத்தேன்."

"மன்னிச்சிடுப்பா."

"வண்டிக்குத்தானே வேணாம்னேன்? எனக்குக் கட்டுறேன்னு சொல்லியிருந்தா கைய நீட்டியிருப்பேன்ல?"

அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு வருடம் அவனுடைய வண்டிக்குக் காப்புக் கட்டியிருக்கிறேன். அவன் கையை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பான் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை நடை திறந்ததும் நாங்கள் மூவரும் முதல் வரிசையில் நின்றோம். ஷாகுலும் ரபீக்கும் வெளியே நின்றிருந்தார்கள். ரபீக்குக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். பூசாரி முகிலனின் வலது மணிக்கட்டில் கயிறு கட்டினார். நுனியை நறுக்கச் சொன்னேன். செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா" என்றேன். "இப்பத்தான் அவள நம்புறீங்க" என்றாள்.

கடவுளிடம் வேண்டிவிட்டு, வேண்டியதை நாமே ரகசியமாகச் செய்துகொள்வது நம்பிக்கை அல்ல என்று எனக்கு இப்போது தெரியும். பயம் வந்தால் ஒளிக்காதீர்கள். முதலில் அவளிடம் சொல்லுங்கள், பிறகு யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடமும் சொல்லுங்கள். என்ன கிழமை என்று பார்க்காதீர்கள். சாத்திய கதவுக்கு முன்னால் நின்று கூப்பிட்டாலும் மலையில் அவளுக்குக் கேட்கும். என் குரல் அவளுக்குக் கேட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடியும் தடத்துக்குப் போனான். நான் தடுக்கவில்லை. கிளம்புமுன் என்னைக் கூப்பிட்டு, "வண்டிய ஒருதடவ பாத்துக்குங்கப்பா" என்றான். நான் பாரை இடது கடைசி வரைக்கும் திருப்பினேன், வலது கடைசி வரைக்கும் திருப்பினேன். ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிக் கையை எடுத்தேன். டக்கென்று திரும்பியது. தாயே, சரணம் என்றேன். அவன் கையுறையை மாட்டினான். கயிறு உள்ளே போய்விட்டது.